சூசைராஜ் யாருடைய ஆள்?

எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அங்கயற்கண்ணிக்குச் சந்தேகம் வந்துவிடும். இருபத்திரண்டு வருஷமாக எண்ணெய், எரிவாயு கம்பெனிகளுக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்த வக்கீல் அவள். சுத்தமான கோப்பு என்று ஒன்றை அவள் இதுவரை கண்டதில்லை. எங்காவது ஒரு பக்கம் தொலைந்திருக்கும், ஒரு கையெழுத்து கோணிக்கொண்டு நிற்கும், ஒருத்தர் தேதி போட மறந்திருப்பார். மனுஷன் கை பட்டால் அப்படித்தான் இருக்கும். ஒரு பிசிறுகூட இல்லாமல் கோப்பு வந்தால் யாரோ உட்கார்ந்து துடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அதனால், நீலவரை எனர்ஜியின் ஒப்பந்த மேலாளர் நடனசபாபதி தன் காரைக்கால் அலுவலகத்தில் அவளை உட்காரவைத்து, காபி வரவழைத்து, "ரெக்கார்டெல்லாம் ரொம்ப சுத்தமா இருக்கு மேடம், நீங்க ஒப்பீனியன் மட்டும் எழுதிக் குடுத்தாப் போதும்" என்று சொன்னதும் அவள் காபியைத் தொடவில்லை. ஆளை ஒருமுறை நிதானமாகப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு வயது, நெற்றி நிறைய விபூதி, ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம். பேசும்போது மேசையில் இருக்கிற பேனாக்களை வரிசையாக அடுக்குகிற பழக்கம். அடுக்கி முடித்தால் கலைத்துவிட்டு மறுபடி அடுக்குவார். எதையோ வைத்துக்கொண்டு தவிக்கிற மனுஷன் என்று அவள் அப்போதே முடிவு கட்டிவிட்டாள்.

விஷயம் இதுதான். மூன்று வாரத்துக்கு முன்னால், காரைக்காலுக்குக் கிழக்கே அறுபது கிலோமீட்டர் கடலுக்குள் எரிவாயு எடுக்கும் நீலவரையின் நான்காம் மேடையில் ஒரு குழாய் வெடித்தது. வால்வு மாட்டுகிற சூசைராஜ் அந்த இடத்திலேயே செத்துப்போனான். நாற்பத்தோரு வயது. அவன் யாருடைய ஆள் என்று நீலவரைக்கு ஒரு வக்கீல் எழுதித் தர வேண்டும். எழுத வேண்டிய விடையையும் நடனசபாபதியே சொல்லிவிட்டார். சாகும்போது அவன் முத்துக்கரை குடிநீர் என்ற கம்பெனியின் ஆள். மேடைக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோகிற கம்பெனி அது. புதுச்சேரியில் ஒரு அறை, இரண்டு நாற்காலி, அவ்வளவுதான் அதன் ஆஸ்தி.

"வால்வு மாட்டுறவர் எப்படி சார் தண்ணிக் கம்பெனி ஆளாவார்?"

"மேஸ்திரி மாத்தியிருக்கு மேடம்" என்றார் நடனசபாபதி. கை பேனாவுக்குப் போனது.

மேஸ்திரி என்பது ஆள் இல்லை. ஓடும் ஒப்பந்தத்துக்கு மேடைத் தொழிலாளிகள் வைத்த பெயர் அது. கடல் மேடையில் ஒரே ஆள் காலையில் ஒரு கம்பெனிக்குக் குழாய் மாட்டுவான், பத்து மணிக்கு இன்னொரு கம்பெனியின் வால்வைத் திருகுவான், மத்தியானம் மூன்றாவது கம்பெனியின் பம்பைக் கழற்றிக்கொண்டிருப்பான். அடிபட்டால் அவன் யாருடைய ஆள் என்று கம்பெனிகள் வருஷக்கணக்கில் அடித்துக்கொள்ளும். இந்தச் சண்டை வேண்டாம் என்றுதான் ஒப்பந்தத்தைக் காகிதத்திலிருந்து எடுத்துக் கணினிக்குள் விட்டார்கள். மேடையில் உள்ள ஒவ்வொரு மீட்டரும் அதற்குத் தெரியும். ஒவ்வொரு ஹெல்மெட்டுக்குள்ளும் ஒரு சில்லு உண்டு. யார் எங்கே நிற்கிறான், எந்த வேலையைத் தொடுகிறான் என்று பார்த்து, நிமிஷத்துக்கு நிமிஷம் அது ஆட்களைக் கம்பெனி மாற்றிக்கொண்டே இருக்கும். மாற்றப்படுகிறவனுக்கு அது தெரியாது. தெரிய வேண்டிய அவசியம் இருப்பதாக யாருக்கும் தோன்றவுமில்லை.

அந்த ஒப்பந்தத்தை ஐந்து வருஷத்துக்கு முன்னால் நீலவரைக்காக எழுதியவள் அங்கயற்கண்ணிதான். இந்தியாவிலேயே முதல் ஓடும் ஒப்பந்தம் என்று பாராட்டு விழாவெல்லாம் நடந்தது. அவளுக்கு அதில் பெருமை உண்டு, அதை அவள் மறைத்ததும் இல்லை. தான் எழுதியதில் ஓட்டை இருக்காது, ஓட்டை போட்டவன் வேறு யாரோ என்ற நினைப்போடுதான் அவள் சென்னையிலிருந்து கிளம்பி வந்திருந்தாள்.

அன்று சாயங்காலம் அலுவலகத்தை விட்டு வெளியே வந்தபோது வாசலில் காவலாளியின் கூரைக்குக் கீழே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். சூசைராஜின் மனைவி லூர்துமேரி. மாதா கோயில் தெருவிலிருந்து தினமும் வந்து நிற்கிறாளாம், உள்ளே விடுவதில்லையாம். எதிர்த்தரப்பு ஆளோடு வக்கீல் தனியாகப் பேசக் கூடாது. ஆனால் ஒப்பந்தத்தின்படி இவள் எந்தத் தரப்பும் இல்லையே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு அங்கயற்கண்ணி பக்கத்திலிருந்த டீக்கடை பெஞ்சில் அவளை உட்காரவைத்தாள்.

லூர்துமேரி அழவில்லை. கேட்க வேண்டியதை நேராகக் கேட்டாள். அடக்கப் பூசைக்கு ஒரு கம்பெனிக்காரனும் வரவில்லை. நீலவரையைக் கேட்டால் தண்ணீர்க் கம்பெனியைக் கேள் என்கிறார்கள். புதுச்சேரிக்குப் பஸ் ஏறிப் போனால் அங்கே பூட்டுத் தொங்குகிறது. தன் புருஷன் யாரிடம் வேலை பார்க்கும்போது செத்தான் என்பதை மட்டும் ஒருத்தர் வாயால் சொல்லிவிட்டால் போதும் என்றாள்.

தொழில் வழக்கத்தை அங்கயற்கண்ணி எடுத்துச் சொன்னாள். "இந்த எண்ணெய்த் தொழில்ல உலகம் முழுக்க ஒரு பழக்கம் இருக்கு. என் ஆளுக்கு அடிபட்டா நான் பாத்துக்கறேன், உன் ஆளுக்கு அடிபட்டா நீ பாத்துக்க. யார் தப்புன்னு ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்க மாட்டோம்னு முன்கூட்டியே எழுதிக்குவாங்க."

"யார் தப்புன்னு கேக்கவே மாட்டீங்களா?"

"கேக்கமாட்டோம்னுதான் ஒப்பந்தம்."

"எந்த ஊருல வக்கீலம்மா இப்படி ஒரு சட்டம்?"

லண்டன் என்று சொல்ல அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஒப்பந்தத்தை எந்த நாட்டுச் சட்டம் ஆள வேண்டும் என்று கம்பெனிகளே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், இவர்கள் லண்டன் சட்டத்தை எடுத்துக்கொண்டார்கள், தகராறு வந்தால் சிங்கப்பூரில் தீர்ப்பு என்று விளக்கினாள். அடிபட்டவனுக்கு முதலாளி ஈடு தர வேண்டும் என்று நம் ஊர்ச் சட்டம் சொல்லும்தான். ஆனால் முதலாளி யார் என்று சொல்வது அந்த ஒப்பந்தம்.

"அவருக்குப் பாஸ்போட்டே கெடையாதும்மா" என்றாள் லூர்துமேரி.

பிறகு அவள் மெதுவாக உண்மையான காரணத்தைச் சொன்னாள். அவளுடைய தம்பி கிளமென்ட் அதே நான்காம் மேடையில்தான் இருக்கிறான். போன திங்கட்கிழமை ஷிப்டுக்குத் திரும்பப் போய்விட்டான். போகாதே என்று காலைப் பிடிக்காத குறையாகச் சொல்லியும் கேட்கவில்லை. அந்தக் குழாய் ஏன் வெடித்தது என்று யாரும் சொல்லாத வரைக்கும் அவளுக்குத் தூக்கம் கிடையாது.

"செத்தவரு செத்துட்டாரு. இருக்கறவனை எறக்கணும்னா எறக்கிடுங்கம்மா. எனக்கு அவ்வளவுதான் வேணும்."

அங்கயற்கண்ணி தலையாட்டினாள். ஆட்டிய பிறகுதான், தான் யாருக்கு வக்கீல் என்பது நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக அவள் மேஸ்திரியின் பதிவைச் சோதித்தாள். சூசைராஜைத் தண்ணீர்க் கம்பெனிக்கு மாற்றியது பிற்பகல் இரண்டு பதினான்குக்கு. குழாய் வெடித்தது இரண்டு இருபத்தைந்துக்கு. பதினோரு நிமிஷ இடைவெளியைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. வெடித்த பிறகு யாரோ உள்ளே கையை விட்டு நேரத்தைத் திருத்தியிருக்கிறார்கள், வேறென்ன? செத்தவனை ஏழைக் கம்பெனியின் தலையில் கட்டினால் நீலவரைக்குத் தொல்லை விட்டது. நடனசபாபதியின் முகம் அவள் கண் முன்னால் வந்துபோனது.

ஆனால் பதிவின் பிரதிகள் சிங்கப்பூரில் ஒன்றும் லண்டனில் ஒன்றுமாக வேறு ஆட்களின் பூட்டுக்குள் இருந்தன. இரண்டையும் வரவழைத்து ஒப்பிட்டாள். ஒரு புள்ளி மாறவில்லை. யாரும் கை வைக்கவில்லை. வெடிப்பதற்குப் பதினோரு நிமிஷத்துக்கு முன்னாலேயே உண்மையிலேயே அவன் மாற்றப்பட்டிருக்கிறான். திருட்டைக் கண்டுபிடிக்க வந்தவளுக்குத் திருட்டு இல்லை என்பது இவ்வளவு பயமாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

ஒப்பந்தத்தோடு பேச அலுவலகத்தில் ஒரு தனி அறை இருந்தது. தரப்புகளின் வக்கீல்கள் கேட்டால் அது பதில் சொல்லியாக வேண்டும். ஆணும் இல்லாத பெண்ணும் இல்லாத குரலில், அச்சடித்த தமிழில் பேசும்.

"சூசைராஜை ஏன் மாத்தினே?" என்று கேட்டாள்.

"பதினெட்டாம் ஷரத்தின்படி. குழாயின் அதிர்வு மாறியிருந்தது. வெடிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு அறுபத்திரண்டு. அவர் அதன் அருகில் இருந்தார். இழப்பு நேரக்கூடும் என்று தெரிந்தால், மொத்த இழப்பு குறையும்படி ஆட்களை மாற்ற வேண்டும். முத்துக்கரைக்கு இழக்க ஒன்றும் இல்லை. ஆகவே மொத்த இழப்பு குறைந்தது."

பதினெட்டாம் ஷரத்து அவள் சொந்தமாக வார்த்தது. புயல் வருகிறது என்றால் நல்ல மருத்துவ வசதி உள்ள கம்பெனிக்கு ஆட்களை முன்கூட்டியே மாற்றிவிடலாம், அவர்களுக்கு நல்லதுதானே என்று நினைத்து எழுதியது. யாருடைய இழப்பு என்று அதில் எழுதவில்லை. கம்பெனிகளுக்கு நடுவே நடக்கிற ஒப்பந்தத்தில் இழப்பு என்றால் கம்பெனிகளின் இழப்புத்தான், அதை எழுதிக் காட்டுவார்களா என்ன?

"குழாயை நிறுத்தியிருக்கலாமே."

"நிறுத்தினால் எரிவாயு வாங்குபவருக்கு ஈடு தர வேண்டும். அது பெரிய இழப்பு."

"அந்த ஆள்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"அவர் ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு அல்ல. மூன்றாம் நபர்களுக்கு இந்த ஒப்பந்தத்தால் எந்த உரிமையும் இல்லை."

"அப்ப யார்கிட்டயும் சொல்லவே இல்லையா?"

"சொன்னேன். ஒவ்வொரு மாற்றத்தையும் காரணத்தோடு நீலவரைக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பது நாற்பத்தோராம் ஷரத்து. இரண்டு பதினான்குக்கே அறிவிப்பு அனுப்பினேன். சேர்ந்துவிட்டது."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சேர்ந்துவிட்டது. குழாய் வெடிக்கப்போகிறது, பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிறான் என்று எழுதிய கடிதம் பதினோரு நிமிஷம் ஒருத்தர் கையில் இருந்திருக்கிறது. ஒரு போன் போட்டிருந்தால் போதும். நீலவரைக்கு வருகிற அறிவிப்பு ஒப்பந்த மேலாளருக்குத்தான் வரும். உலகத்தில் எந்தக் கம்பெனியிலும் அப்படித்தான். நடனசபாபதி பேனா அடுக்கிய காரணம் இப்போது தெளிவாகத் தெரிந்தது.

அவரை அந்த அறைக்கே கூப்பிட்டாள். உட்காரச் சொல்லவில்லை. அன்றைக்கு வந்த அறிவிப்பை என்ன செய்தீர்கள் என்று கேட்டாள்.

"சத்தியமா எனக்கு ஒண்ணும் வரல மேடம்."

சத்தியம் செய்கிறவனை அவள் நம்புவதே கிடையாது. காட்டுங்கள் என்றாள். அவர் மடிக்கணினியைத் திறந்து தன் அஞ்சல்களை அவள் பக்கம் திருப்பினார். அந்தத் தேதியில் அப்படி எதுவும் இல்லை. அழித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். வியர்வை அவர் விபூதியைக் கரைத்துக்கொண்டிருந்தது, அதுவும் ஒரு சாட்சி மாதிரிதான் அவளுக்குப் பட்டது. இனி இவர் தப்ப முடியாதபடி ஒன்று கேட்க வேண்டும் என்று அவர் முன்னாலேயே மேஸ்திரியிடம் திரும்பினாள்.

"இன்னைக்கு நாலாம் மேடையில எத்தனை பேரை மாத்தியிருக்கே?"

"முப்பத்தொரு பேர். பதினொன்று நாற்பதுக்கு. அனைவரும் முத்துக்கரைக்கு."

மேடையில் மொத்தமே முப்பத்தொரு பேர்தான். சமையல்காரர் உட்பட. சுவரில் மணி பன்னிரண்டு ஐந்து.

"வாய்ப்பு எவ்வளவு?"

"நூற்றுக்கு நாற்பத்தெட்டு. கூடிக்கொண்டிருக்கிறது. அறிவிப்பு அனுப்பியாகிவிட்டது."

நடனசபாபதி தன் மடிக்கணினியை மறுபடி பார்த்தார். "வரல மேடம், பாருங்க, இப்பவும் வரல" என்று அவர் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. மேடை மேலாளரைப் போனில் பிடித்து எல்லாரையும் இறக்கச் சொன்னாள். அவர் மரியாதையாகத்தான் பேசினார். மீட்டரெல்லாம் பச்சையாக இருக்கிறது, காரணம் இல்லாமல் நிறுத்தினால் ஒப்பந்த மீறல் என்று தன் கழுத்துக்குத்தான் கயிறு வரும், மேஸ்திரி சொன்னால் அடுத்த நிமிஷம் நிறுத்துகிறேன் என்றார். ஐந்து நிமிஷம் அதில் போயிற்று. மேஸ்திரி நிறுத்தாது. அதற்கு அந்த முப்பத்தொரு பேரும் விலை இல்லாதவர்கள்.

அங்கயற்கண்ணி கண்ணை மூடிக்கொண்டு தான் எழுதிய ஒப்பந்தத்தை மனதுக்குள் புரட்டினாள். கெஞ்சினால் அது கேட்காது, திட்டினாலும் கேட்காது, அதற்குப் புரிவது ஷரத்து ஒன்றுதான். இருபத்தாறாம் ஷரத்தில் நின்றாள். எந்தக் கம்பெனியும் யாரையும் தன் ஆள் என்று கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொள்ளலாம். ஏற்றுக்கொண்டால் ஒரு நாளைக்கு அவர்களை மாற்ற முடியாது, அவர்கள் செத்தால் ஈடு அந்தக் கம்பெனியின் தலையில். இதுவரை ஒரு கம்பெனியும் பயன்படுத்தாத ஷரத்து. தானாகப் போய் அடுத்தவன் ஆளை யார் ஏற்றுக்கொள்வார்கள்?

நான்கு வரி எழுதினாள். நான்காம் மேடையில் உள்ள முப்பத்தொரு பேரும் நீலவரையின் ஆட்கள். கீழே கம்பெனியின் சார்பில் ஒப்பந்த மேலாளர் கையெழுத்துப் போட வேண்டும். காகிதத்தை நடனசபாபதியிடம் நீட்டினாள்.

அவர் இரண்டு தரம் படித்தார். "இதுல கையெழுத்துப் போட்டா நாளைக்கு நான் வீட்டுலதான் மேடம்" என்றார். "மேலிடத்துல கேக்கணும். கேட்டா வேண்டாம்பாங்க."

"அப்ப கேக்காதீங்க."

அவர் ஒரு பேனாவை எடுத்து, எதையும் அடுக்காமல், கையெழுத்துப் போட்டார். குற்றம் செய்யாதவன் இவ்வளவு சீக்கிரம் போட்டிருக்க மாட்டான் என்றுதான் அப்போதும் அவளுக்குத் தோன்றியது.

அவள் தாளைப் படமெடுத்து ஒப்பந்தத்துக்கு அனுப்பினாள். "ஏற்பு அறிவிப்பு கிடைத்தது" என்றது மேஸ்திரி. "முப்பத்தொரு பேரும் இப்போது நீலவரையின் ஆட்கள். மொத்த இழப்பை மறுபடி பார்க்கிறேன்." மூன்று நொடி எடுத்துக்கொண்டது. "நான்காம் மேடையை நிறுத்துகிறேன். ஆட்களை உடனே படகில் இறக்கச் சொல்லியிருக்கிறேன்."

அதன் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. நடனசபாபதி பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார்.

சாயங்காலம் படகுகள் துறைமுகத்துக்கு வந்தன. இறங்கியவர்கள் யாருக்கும் எதற்காக இறக்கினார்கள் என்று தெரியாது. பாதிச் சோற்றில் எழுப்பிவிட்டார்கள் என்று சமையல்காரர் முதற்கொண்டு எல்லாரும் புலம்பிக்கொண்டு வந்தார்கள். கிளமென்ட், "எவனோ காயிதத்தைத் தப்பா எழுதிட்டானாம்க்கா" என்று சிரித்துக்கொண்டே வந்தான். லூர்துமேரி அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டாள். பிறகு அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மூன்று வாரமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது.

மேடை வெடிக்கவில்லை. இரண்டு நாள் கழித்துச் சோதித்தவர்கள் அழுத்தக் குழாயில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல் கண்டுபிடித்தார்கள். கம்பெனியின் அறிக்கையில் அது வழக்கமான பராமரிப்பு என்று போனது. நடனசபாபதியை இடைநீக்கம் செய்தார்கள். அங்கயற்கண்ணியை வழக்கிலிருந்து விலக்கினார்கள். இனி நீங்கள் எங்கள் வக்கீல் இல்லை என்று ஒரு கடிதம் வந்தபோது அவளுக்குத் தலைப்பாரம் இறங்கியது போல இருந்தது. கம்பெனி விருந்தினர் விடுதியைக் காலி செய்துவிட்டு பாரதியார் வீதியில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தாள். இப்போது யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

லூர்துமேரிக்காகக் காவல் துறைக்கு ஒரு புகார் எழுதினாள். யார் தப்பு என்று கம்பெனிகள் ஒருத்தரை ஒருத்தர் கேட்காமல் இருக்கலாம். ஆள் சாகப்போகிறான் என்று கடிதம் வந்தும் வாயைத் திறக்காதவனை இந்த ஊர்ச் சட்டம் கேட்கும். அதை லண்டன் சட்டம் தடுக்க முடியாது. பதினோரு நிமிஷம் அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தவர் நடனசபாபதி. மூன்று பக்கத்துக்கு எழுதினாள், ஒரு இடத்தில்கூடப் பேனா தயங்கவில்லை. அவர் முப்பத்தொரு பேருக்காகக் கையெழுத்துப் போட்டதையும் எழுதி, செய்த பாவத்துக்குப் பயந்து செய்தது என்று ஒரு வரி சேர்த்தாள்.

கையெழுத்துப் போட லூர்துமேரி காலை பத்து மணிக்கு வந்துவிட்டாள். புதுப் புடவை இல்லை என்றாலும் துவைத்து மடித்த புடவை. லாட்ஜ் அறையில் இருந்த ஒரே நாற்காலியில் அவளை உட்காரவைத்துவிட்டு, அங்கயற்கண்ணி கட்டிலில் உட்கார்ந்து கடைசியாக ஒரு ஆதாரத்தை இணைக்க ஒப்பந்தத்தைத் திறந்தாள். அறிவிப்பு நீலவரையில் யாருக்குப் போக வேண்டும் என்று முகவரியோடு சொல்கிற கடைசி இணைப்புப் பக்கம் அது.

திறந்தாள். முகவரி இருந்தது. நீலவரை எனர்ஜி, பார்வைக்கு: அங்கயற்கண்ணி, வழக்கறிஞர், லிங்கிச் செட்டித் தெரு, சென்னை. அதன் கீழே அவளுடைய மின்னஞ்சல்.

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்றுதான் அந்த நேரத்திலும் மனது ஓடியது. பிறகு ஞாபகம் வந்தது. ஒப்பந்தம் எழுதுகிற எல்லா வக்கீலும் செய்வது அது. வரைவு நிலையில் அறிவிப்பு முகவரியை வெறுமையாக விட முடியாது, அதனால் தங்கள் முகவரியையே போட்டுவைப்பார்கள், கையெழுத்தாகிற அன்றைக்குக் கட்சிக்காரரின் முகவரியை மாற்றிக்கொள்ளலாம் என்று. கையெழுத்தாகிற அன்றைக்கு முதல் பக்கத்தைப் பார்ப்பார்கள், விலை போட்ட பக்கத்தைப் பார்ப்பார்கள். கடைசி இணைப்பைத் திறக்கிற ஜென்மம் எதுவும் கிடையாது. அவளும் திறக்கவில்லை. ஐந்து வருஷம்.

தன் அஞ்சலைத் திறந்தாள். இயந்திரம் அனுப்பும் கடிதங்கள் வக்கீல்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அலுவலகத்தில் அவற்றைத் தனியே ஒரு பெட்டியில் தள்ளிவிடுவார்கள். படிக்காத கடிதங்கள் பல்லாயிரம் இருந்தன. சூசைராஜ் என்று போட்டுத் தேடினாள். அவன் பெயரில் கடைசியாக வந்தது மேலே நின்றது. இரண்டு பதினான்கு. குழாய் வெடிக்கக்கூடும், அருகில் இவர் இருக்கிறார், முத்துக்கரைக்கு மாற்றியுள்ளேன். மூன்றே வரி. கிளமென்ட் என்று தேடினாள்; போன வாரத்துத் தேதியில், முப்பத்தொரு பெயர்கள் போட்ட இன்னொன்று. அதில் கிளமென்ட் பதினாறாவது.

குழாய் வெடித்த அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டு பதினான்குக்குத் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்தாள். ஒன்றும் செய்யவில்லை. மேசையிலேயே தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கணினி எதிரில் திறந்துதான் இருந்தது.

இந்தப் பக்கத்தை இணைக்காமல் விட்டால் யாருக்கும் தெரியாது. இடைநீக்கம் ஆன ஒரு மனுஷன் சத்தியம் செய்துகொண்டிருப்பார், அதை யார் நம்புவார்கள்? தானே நம்பவில்லையே. அந்த எண்ணம் வந்து நின்ற வேகம் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. தன்னைப் பற்றி ஒருநாளும் சந்தேகப்படாமல் இருபத்திரண்டு வருஷம் ஓட்டியிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

"யார் பேரும்மா போட்டிருக்கீங்க?" என்று லூர்துமேரி கேட்டாள். "எனக்குப் படிச்சுக் காட்டுங்க. கையெழுத்துப் போட்டுடறேன்."

அங்கயற்கண்ணி மூன்று பக்கத்தையும் எடுத்து நடுவில் கிழித்தாள். "அந்தக் கடுதாசி நடனசபாபதிக்குப் போகல. அவர் சொன்னது நெசம்" என்றாள். "எனக்கு வந்துருக்கு. உங்க வீட்டுக்காரர் சாகறதுக்குப் பதினோரு நிமிஷம் முன்னாடியே எங்கிட்ட வந்துருச்சு. நான் பாக்கல."

லூர்துமேரி கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் தேவலை. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து அசையவில்லை. எதையோ கணக்குப் பார்ப்பது போல ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினோரு நிமிஷம் இருந்துச்சா?" என்றாள் கடைசியில்.

"இருந்துச்சு."

"அந்த ஏணியில எறங்கி படகுக்கு வர அவருக்கு மூணு நிமிஷம் போதும்னு சொல்லுவாரு. பந்தயம்கூடக் கட்டுவாரு." பிறகு கட்டிலில் கிடந்த வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து அங்கயற்கண்ணியின் மடியில் வைத்தாள். "எழுதுங்க. உங்க பேரை முழுசா எழுதுங்க. நான் காத்திருக்கேன்."

அங்கயற்கண்ணி எழுதத் தொடங்கினாள்.